வைத்தியசாலையில் திருத்தவேலை: தூசியும் தொற்றும்



சென்ற மாதம் எமது வானொலியில் வைத்தியசாலைகளில் நடக்கும் கட்டடத் திருத்தவேலைகள் பற்றி நான் பேசியிருந்தேன். அதை எழுத்தில் தந்தால் பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கொடுக்கலாம் என்று பல நேயர்கள் கேட்டதற்கிணங்க, அந்த உரையைச் சற்று விரித்து இங்கே தருகிறேன். நான் டொக்டர் அல்ல. இங்கே ஜேர்மனியில் ஒரு வைத்தியசாலையின் தொழில்நுட்பப் பகுதியில் ஹைட்சுங், காற்றோட்டம், குளிரூட்டி ஆகியவற்றின் வேலைகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருபவன். ஆகவே சுவரின் பின்னாலும் கூரைக்கு மேலேயும் என்ன இருக்கிறது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும். மருந்து, சிகிச்சை பற்றிய கேள்விகளை உங்கள் டொக்டரிடமே கேளுங்கள்.

அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு அக்கா தொலைபேசியில் வந்து, "தம்பி, இவரை இரத்தப் புற்றுநோய்ப் பகுதியில வச்சிருக்கினம். மேல்மாடியில நாள் முழுக்கத் துளைக்கிற சத்தம். சத்தத்துக்குப் பயமில்லை, தூசி வருமோ எண்டுதான் பயம். ஆரிட்டக் கேக்கிறது?" என்று கேட்டார். அவருடைய கேள்வி சரியான கேள்வி. சத்தம் நோயாளிக்குத் தொல்லை தரும், ஆனால் தூசி அவருடைய உயிருக்கே ஆபத்தாகலாம். யாரிடம் கேட்பது என்பதற்கும் ஜேர்மனியில் தெளிவான பதில் உண்டு.

ஏன் இப்போது இவ்வளவு வேலை?

நாங்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்நாட்டுக்கு வந்தபோது பார்த்துப் பிரமித்த பெரிய வைத்தியசாலைகள் பல, அறுபதுகள் முதல் எண்பதுகள் வரையான காலத்தில் கட்டப்பட்டவை. அவற்றின் வெந்நீர்க் குழாய்களுக்கும் காற்றுக் குழாய்களுக்கும் வயதாகிவிட்டது. எரிசக்திச் செலவும் கூடிவிட்டது. அதோடு 2003, 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்த கடும் வெயிலுக்குப் பிறகு, முன்பு குளிரூட்டியே தேவையில்லை என்று விடப்பட்டிருந்த நோயாளர் அறைகளையும் குளிராக வைத்திருக்க வேண்டிய தேவை வந்துள்ளது. ஆகவே பழைய ஹைட்சுங்கைக் கழற்றுவதும் புதிய குளிர்நீர்க் குழாய் போடுவதும் காற்றோட்ட இயந்திரத்தை மாற்றுவதும் பல வைத்தியசாலைகளில் நடந்துகொண்டே இருக்கும்.

வீட்டில் என்றால் ஒரு கிழமைக்கு வேறு இடத்தில் போயிருந்து வேலையை முடிக்கலாம். வைத்தியசாலையை அப்படிப் பூட்ட முடியாது. ஒரு பக்கம் சுவர் உடைபடும், மறுபக்கம் நோயாளிக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்.

தூசிக்குள் என்ன இருக்கிறது?

பழைய பாணில் பூஞ்சணம் பிடிப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பூஞ்சணம் பங்கசு இனத்தைச் சேர்ந்தது. பங்கசுகள் வித்திகள் எனப்படும் மிக நுண்ணிய துகள்களால் பரவுகின்றன. மண்ணிலும் உக்கிய இலைகுழையிலும் ஈரம் பட்ட சுவரிலும் பழைய தூசியிலும் இந்த வித்திகள் இருக்கும்.

அவற்றுள் வைத்தியசாலைகள் அதிகம் அஞ்சுவது அஸ்பெர்ஜிலஸ் என்ற இனத்துக்கு. இந்தப் பெயரை வைத்தவர் மிக்கேலி என்ற இத்தாலியப் பாதிரியார். 1729 இல் நுணுக்குக்காட்டியில் அதைப் பார்த்தபோது, தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியின் வடிவம் அவருக்கு நினைவுக்கு வந்ததாம். அந்தக் கருவியின் இலத்தீன் பெயரையே வைத்துவிட்டார்.

அஸ்பெர்ஜிலஸ் ஃபியுமிகாற்றஸ் என்ற வகையின் ஒரு வித்தி ஏறத்தாழ 2 முதல் 3 மைக்ரோமீற்றர் அளவே இருக்கும். எங்கள் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோமீற்றர். இவ்வளவு சிறிதாக இருப்பதால் அது கீழே படியாமல் நெடுநேரம் காற்றில் மிதக்கும். மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் சுவாசப்பையின் கடைசி நுண்ணறை வரை போய்ச் சேரும். உடல் வெப்பமான 37 பாகையில் நன்றாக வளரவும் கூடியது.

நேயர்கள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நாங்கள் எல்லோரும் தினமும் நூற்றுக்கணக்கான வித்திகளைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். சுகதேகிகளின் உடம்பில் உள்ள வெண்குருதிக் கலங்கள் அவற்றை அழித்துவிடும். ஆனால் அந்தக் கலங்கள் குறைந்து போனவர்களுக்கு நிலைமை வேறு. இரத்தப் புற்றுநோய்க்குக் கடும் சிகிச்சை பெறுபவர்கள், என்பு மச்சை மாற்றம் செய்தவர்கள், சிறுநீரகம் அல்லது சுவாசப்பை மாற்றியவர்கள், அதிகளவு கோர்ட்டிசோன் எடுப்பவர்கள், கடும் சுவாச நோயால் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த வித்தி சுவாசப்பையில் வேர் விட்டு, இரத்தக் குழாய்களைத் துளைத்து, மற்ற உறுப்புகளுக்கும் பரவலாம். இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதே கடினம், கண்டுபிடித்த பிறகும் உயிரைக் காப்பாற்றுவது நிச்சயமில்லை. அதனால்தான் வித்தி நோயாளியிடம் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது முக்கியமாகிறது.

ஹைட்சுங், குளிரூட்டி வேலையில் கூடுதல் கவனம் ஏன்?

சுவருக்கு வர்ணம் பூசுவதும் ஒரு திருத்தவேலை, காற்றுக் குழாய் மாற்றுவதும் ஒரு திருத்தவேலை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

வைத்தியசாலை விறாந்தையில் நடக்கும்போது மேலே பாருங்கள். சதுரம் சதுரமாகத் தட்டுகள் போட்ட கூரை தெரியும். அது உண்மையான கூரை அல்ல. அதற்கும் மேலே உள்ள கொங்கிறீற்றுக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. ஹைட்சுங் குழாய், தண்ணீர்க் குழாய், மின்கம்பி, காற்றுக் குழாய் எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. இருபது முப்பது வருடத்துத் தூசி அந்தத் தட்டுகளின் முதுகில் படிந்திருக்கும். எப்போதோ ஒழுகிய குழாயின் ஈரம் பட்ட இடத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஒரு தட்டைச் சும்மா தூக்கினாலே அந்தத் தூசி கீழே நிற்பவரின் தலையில் கொட்டும்.

மாடிக்கு மாடி குழாய்கள் போகும் செங்குத்தான பொந்துகள் உண்டு. அவற்றைத் திறந்தால் அவை புகைபோக்கியைப் போல வேலை செய்யும். முதலாம் மாடியில் எழும்பிய தூசி நாலாம் மாடியில் போய் வெளிவரலாம். குழாயைச் சுற்றியுள்ள பழைய பஞ்சு உறையைப் பிய்த்தால் அதிலிருந்தும் தூசி பறக்கும். குளிரூட்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டும் தட்டில் வழுவழுப்பாகப் பாசி போலப் படிந்திருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், காற்றோட்ட இயந்திரம் தன் காற்றைப் பல அறைகளுக்கு அனுப்புவது. அதன் குழாய் வாயை மூடாமல் பக்கத்தில் சுவரைத் துளைத்தால், அந்த இயந்திரமே தூசியை உறிஞ்சி ஊரெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கும். வேலைக்காக இயந்திரத்தை நிறுத்துவதும் ஆபத்தே. நிறுத்தினால் அறைகளுக்கு இடையில் காற்று எந்தத் திசையில் ஓட வேண்டுமோ அந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவில் சியற்றில் நகரத்தின் சிறுவர் வைத்தியசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 2019 இல் சத்திரசிகிச்சைக் கூடங்களின் காற்றில் அஸ்பெர்ஜிலஸ் கண்டுபிடிக்கப்பட்டுக் கூடங்கள் மூடப்பட்டன. அவ்வருட நவம்பர் மாதத்தில் வைத்தியசாலையின் தலைமை நிர்வாகி பகிரங்கமாக ஒரு உண்மையை ஒப்புக்கொண்டார். 2001 ஆம் ஆண்டிலிருந்து 14 சிறுவர்களுக்கு இத்தொற்று ஏற்பட்டிருந்தது, அவர்களில் 6 பேர் இறந்திருந்தார்கள், காரணம் காற்றோட்ட இயந்திரத் தொகுதி என்றே கருத வேண்டியுள்ளது என்றார். முன்னர் வந்த ஒவ்வொரு தொற்றையும் தனித்தனிச் சம்பவமாகவே பார்த்திருந்தார்களாம். ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்க்க இவ்வளவு காலம் எடுத்தது. இறுதியில் புதிய காற்றோட்ட இயந்திரமும் மிக நுண்ணிய வடிகட்டிகளும் பொருத்தினார்கள். பழைய இயந்திரத்தை மாற்றாமல் விடுவதும் ஆபத்து, கவனமில்லாமல் மாற்றுவதும் ஆபத்து என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

ஜேர்மனியில் பொறுப்பு யாருக்கு?

2001 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள தொற்றுத் தடுப்புச் சட்டத்தின் 23 ஆவது பிரிவு, வைத்தியசாலைத் தொற்றுகளைத் தடுப்பது வைத்தியசாலைத் தலைமையின் பொறுப்பு என்கிறது. பேர்லினில் உள்ள றொபேர்ட் கொஃக் நிறுவனத்தில் வைத்தியசாலைச் சுகாதாரத்துக்கென ஒரு ஆணைக்குழு இருக்கிறது. கிறிங்கோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது வெளியிடும் பரிந்துரைகளைத்தான் நாடு முழுவதும் பின்பற்றுகிறார்கள். நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைப் பராமரிப்பது பற்றிய அதன் பரிந்துரை 2010 இல் வந்தது, 2021 இல் புதுப்பிக்கப்பட்டது. கட்டட வேலைகளின்போது இப்படிப்பட்ட நோயாளிகளைத் தூசியிலிருந்து காப்பதும் அதில் அடங்கும். வைத்தியசாலைக் காற்றோட்டத்துக்கென டின் 1946 இன் நாலாம் பாகம் என்ற தனி நியமமும் உண்டு.

2011 இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னர் ஒவ்வொரு மாநிலமும் வைத்தியசாலைச் சுகாதாரத்துக்கு விதிகள் இயற்ற வேண்டியதாயிற்று. ஆகவே இன்று வைத்தியசாலைகளில் சுகாதார வைத்திய நிபுணரும், ஹைகீனஃபாக்கிராஃப்ட் எனப்படும் விசேட பயிற்சி பெற்ற தாதியரும் இருக்கிறார்கள். கட்டட வேலைத் திட்டத்தை முன்கூட்டியே அவர்களிடம் காட்டி ஆலோசனை பெற வேண்டும். மேலே கண்காணிப்பவர்கள் ஊர்ச் சுகாதார அலுவலகத்தார், அதாவது கெசுண்ட்ஹைட்ஸ்அம்ற்.

எங்கள் மக்கள் செறிந்து வாழும் நோர்ட்றைன் வெஸ்ற்ஃபாலன் மாநிலத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. எசன் பல்கலைக்கழக வைத்தியசாலை வளாகத்தில் ஒரு கட்டடம் இடிக்கப்பட்டபோது, காற்றில் அஸ்பெர்ஜிலஸ் வித்திகள் எவ்வளவு இருக்கின்றன, அதனால் நோயாளிகளுக்கு ஆபத்து வருமா என்று அங்குள்ள ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, 2018 இல் மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். தூசி கண்ணுக்குத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்காமல் காற்றை அளந்து பார்ப்பதே சரியான முறை.

இன்னொன்று பேர்லின் சரிற்றே வைத்தியசாலையின் உயர்ந்த கட்டடம். கிழக்கு ஜேர்மனிக் காலத்தில் எழுந்த 21 மாடிக் கட்டடம் அது. 2014 முதல் 2016 வரை அதைப் புதுப்பித்தபோது, நோயாளிகளை உள்ளே வைத்துக்கொண்டு மாடி மாடியாக உடைக்காமல், வளாகத்தில் தற்காலிகக் கட்டடம் எழுப்பி நோயாளர் பகுதிகளை வெளியே மாற்றிவிட்டு வேலை செய்தார்கள். இதை விடப் பாதுகாப்பான வழி இல்லை. ஆனால் அதற்குப் பெரும் பணமும் இடமும் வேண்டும். எல்லா வைத்தியசாலைகளாலும் முடியாது. முடியாத இடங்களில்தான் கீழே சொல்லும் ஒழுங்குகள் தேவைப்படுகின்றன.

வேலை எப்படி நடக்க வேண்டும்?

முதலில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எவ்வளவு தூசி எழும்பும் வேலை இது? பக்கத்திலும் மேலும் கீழும் இருக்கும் நோயாளிகள் யார்? அலுவலகப் பகுதியில் ஒரு கூரைத் தட்டைத் தூக்குவதற்கும் புற்றுநோய்ப் பகுதிக்குப் பக்கத்தில் சுவர் உடைப்பதற்கும் ஒரே ஏற்பாடு போதாது. இரண்டு பதில்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் பாதுகாப்பின் அளவு தீர்மானிக்கப்படும். தேவைப்பட்டால் நோயாளிகளையே வேறு பகுதிக்கு மாற்றுவார்கள்.

அடுத்தது தடுப்புச் சுவர். ஒன்றிரண்டு நாள் வேலைக்குத் தடித்த பிளாஸ்ரிக் விரிப்புப் போதும். கிழமைக் கணக்கில் நீளும் வேலைக்குப் பலகைச் சுவரே வேண்டும். அந்தச் சுவர் தட்டுக் கூரையோடு நின்றுவிடக்கூடாது. அதற்கு மேலே உள்ள கொங்கிறீற் வரை போக வேண்டும். இல்லாவிட்டால் தூசி கூரைக்கு மேலாலேயே மறுபக்கம் போய்விடும். ஓட்டைகள், குழாய் போகும் இடைவெளிகள் எல்லாம் ஒட்டி மூடப்பட வேண்டும். உள்ளே போய்வர இரண்டு கதவுகளுடன் ஒரு சிறிய இடை அறை அமைப்பார்கள். ஒரு கதவு மூடிய பிறகுதான் மற்றக் கதவைத் திறக்கலாம்.

மூன்றாவது காற்றின் திசை. எங்கள் அடுப்படியை நினைத்துப் பாருங்கள். மீன் பொரிக்கும்போது புகை உறிஞ்சியைப் போட்டுவிட்டுக் கதவைச் சற்றே திறந்தால், விறாந்தைக் காற்று உள்ளே வருமே தவிர மீன்மணம் வெளியே போகாது. வேலை நடக்கும் இடத்திலும் அப்படித்தான். ஒரு உறிஞ்சும் இயந்திரம் உள்ளே இருக்கும் காற்றை இழுத்து, நுண்ணிய வடிகட்டியில் வடித்து வெளியே விடும். அதனால் உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கும். சுவரில் சிறு ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளேதான் போகும், தூசி வெளியே வராது. இதற்குப் பாவிக்கும் எச் 13 வகை வடிகட்டி மிக நுண்ணிய துகள்களிலும் 99.95 சதவீதத்தையும், எச் 14 வகை 99.995 சதவீதத்தையும் பிடித்துவிடும். அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். கதவிடுக்கில் சிறிது புகையைக் காட்டினால் அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணாலேயே காணலாம்.

நான்காவது, வேலைப் பகுதிக்குள் இருக்கும் காற்றுக் குழாய் வாய்கள் அனைத்தையும் ஒட்டி மூடுவது. காற்று வரும் வாயை மட்டும் மூடினால் போதாது, காற்று திரும்பிப் போகும் வாயையும் மூட வேண்டும். குழாயைக் கழற்றினால் இரண்டு முனைகளுக்கும் உடனடியாக மூடி போட வேண்டும்.

ஐந்தாவது துப்புரவு. தும்புத்தடியால் கூட்டக்கூடாது. கூட்டினால் படிந்திருந்த வித்தி மீண்டும் காற்றில் ஏறும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும், அல்லது நுண் வடிகட்டி உள்ள ஸ்ரௌப்சௌகரால் உறிஞ்ச வேண்டும். துளைக்கும்போதே தூசியை உறிஞ்சும் கருவியைப் பொருத்த வேண்டும். வாசலில் சப்பாத்துத் தூசி ஒட்டிக்கொள்ளும் விரிப்புப் போட வேண்டும். இடிபாடுகளை மூடிய தொட்டியில், நோயாளிகள் போகாத வழியாலும் அதற்கென ஒதுக்கிய லிஃப்றாலும் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக, வேலை முடிந்தவுடன் தடுப்புச் சுவரை இழுத்துக் கழற்றக்கூடாது. முதலில் உள்ளே முழுவதும் துப்புரவு செய்து, காற்றுக் குழாய்களைச் சுத்தமாக்கி, புதிய வடிகட்டி போட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு, தேவையான இடங்களில் காற்றை அளந்து பார்த்து, சுகாதாரப் பகுதியினர் சரி என்ற பிறகே நோயாளிகளை உள்ளே விடலாம்.

ஏட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் நடைமுறையில் சறுக்கும் இடம் பெரும்பாலும் கதவுதான். ஒரு வைத்தியசாலையில் நான் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து வந்த கொம்பனியின் வேலையாட்கள், மின்கம்பி போக வேண்டும் என்பதற்காக இடை அறையின் இரண்டு கதவுகளையும் வாளி வைத்துத் திறந்துவிட்டிருந்தார்கள். பல்லாயிரம் ஒய்ரோ செலவில் போட்ட சுவர் அந்த ஒரு வாளியால் பிரயோசனமற்றுப் போயிற்று. அவ்வழியே வந்த சுகாதாரத் தாதி அதே நிமிடத்தில் வேலையை நிறுத்தினார். மேலாளர் வந்து நேரம் போகிறது என்று சத்தம் போட்டார். தாதி அசையவில்லை. கம்பிக்குத் தனி ஓட்டை போட்டு ஒட்டி மூடிய பிறகுதான் வேலை தொடர்ந்தது. அப்படிப்பட்ட அதிகாரம் அவருக்கு இருந்ததால் நோயாளிகள் தப்பினார்கள்.

தண்ணீரையும் மறக்கக்கூடாது

ஹைட்சுங் வேலை என்றால் வெந்நீர்க் குழாயும் அதில் அகப்படும். தண்ணீரை நிறுத்தி வைத்தால் அது குழாய்க்குள் அசையாமல் நிற்கும். 25 முதல் 45 பாகை வரையான இளஞ்சூட்டில் நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பக்ரீரியா நன்றாகப் பெருகும். குடிப்பதால் பொதுவாக நோய் வராது. ஷவரில் குளிக்கும்போது பறக்கும் நுண்துளிகளைச் சுவாசித்தால் கடும் நியூமோனியா வரலாம். 1976 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் போர்வீரர்களின் மாநாட்டுக்கு வந்தவர்கள் மர்மமான நோயால் இறந்தபோதுதான் இது உலகுக்குத் தெரியவந்தது. அந்த வீரர்களின் சங்கப் பெயரே பக்ரீரியாவின் பெயராயிற்று.

ஜேர்மனியும் அனுபவப்பட்டிருக்கிறது. 2010 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உல்ம் நகரத்தில் ஒரு குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து பரவிய துளிகளால் 60 க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், 5 பேர் இறந்தனர். 2013 கோடையில் வார்ஸ்ரைன் நகரில் 150 க்கும் அதிகமானோர் நோயுற்றனர். எங்கள் காமாட்சி அம்பாள் கோவில் இருக்கும் ஹம் நகரத்திலிருந்து அது அதிக தூரமில்லை. இந்த இரண்டு இடங்களிலும் நோய் பரவியது வைத்தியசாலைக்குள் அல்ல. ஆனால் பெரிய குளிரூட்டும் தொகுதியைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை அவை காட்டின. 2017 ஓகஸ்ட் முதல் இப்படியான குளிர்விப்புத் தொகுதிகளைப் பதிவு செய்து ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

வைத்தியசாலையில் செய்ய வேண்டியது இதுதான். வெந்நீர் தொட்டியிலிருந்து 60 பாகையில் புறப்பட்டு, சுற்றிவந்து சேரும்போது 55 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பாவிக்காத குழாய்களைத் தொடர்ந்து திறந்து ஓடவிட வேண்டும். வேலை முடிந்து தண்ணீரைத் திறக்கும்போது நன்றாகக் கழுவி, பரிசோதித்த பிறகே ஷவரைப் பாவிக்க விட வேண்டும். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 100 என்ற அளவை எட்டினால் காரணத்தைத் தேடி நடவடிக்கை எடுக்க வேண்டும். நோயெதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களின் பகுதியில் குழாய் வாயிலேயே கிருமி வடிகட்டி பொருத்துவார்கள். அதைக் கழற்றிவிட்டுக் குளிக்க வேண்டாம்.

வேலை செய்பவர்கள் எங்கள் பிள்ளைகள்தான்

வைத்தியசாலைத் துப்புரவுப் பணியிலும் சமையலறையிலும் எங்களில் எத்தனையோ பேர் உழைத்தார்கள், இன்றும் உழைக்கிறார்கள். அடுத்த தலைமுறையில் தாதியராகவும் டொக்டர்களாகவும் ஹைட்சுங் தொழிலாளராகவும் பலர் வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை.

ஜேர்மனியில் அஸ்பெஸ்ரஸ் 1993 இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்திய கட்டடங்களில் குழாய் உறையிலும் பலகைகளிலும் அது இருக்கலாம். 2000 ஜூனுக்கு முன்னர் போடப்பட்ட கனிமப் பஞ்சு உறைகளிலும் புற்றுநோய் ஆபத்துள்ள நார்கள் இருக்கலாம். இவற்றைப் பிடுங்குவதற்குத் தனி விதிகளும் தனிப் பயிற்சியும் உண்டு. என்ன பொருள் என்று பரிசோதிக்காமல் "கெதியாப் பிச்சு எறி" என்று மேலாளர் சொன்னால், பரிசோதனை அறிக்கையைக் காட்டும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பொருத்தமான முகக்கவசமும் உடையும் தருவது முதலாளியின் கடமை. தூசி படிந்த உடையோடு நோயாளர் பகுதிக்குள் நடக்காதீர்கள், வீட்டுக்கும் வராதீர்கள். துப்புரவுப் பணியில் இருப்பவர்கள் தடுப்புச் சுவருக்கு வெளியே வெள்ளைத் தூசி படிவதை முதலில் காண்பவர்கள். துடைத்துவிட்டுப் பேசாமல் போகாமல் பகுதித் தாதியிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையால் ஒரு நோயாளி காப்பாற்றப்படலாம்.

குடும்பத்தவர்கள் என்ன செய்யலாம்?

அகதியாக வந்த எங்களுக்கு அலுவலகங்களில் கேள்வி கேட்கத் தயக்கம். மொழியும் ஒரு காரணம், கேட்டால் நோயாளியைக் கவனிக்க மாட்டார்களோ என்ற பயமும் ஒரு காரணம். இந்த விடயத்தில் அந்தப் பயம் வேண்டாம். கேட்பது குற்றம் சொல்வது ஆகாது.

பகுதிப் பொறுப்புத் தாதியிடம் அமைதியாகக் கேளுங்கள்: "இஸ்ற் டி ஹைகீனே இன்ஃபொர்மியர்ற்?" சுகாதாரப் பகுதிக்கு இந்த வேலை பற்றித் தெரியுமா என்பது இதன் பொருள். அடுத்தது, "கிப்ற் எஸ் ஐனே ஷ்ரௌப்ஷுட்ஸ்வண்ட்?" தூசித் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்பது இதன் பொருள். பதில் திருப்தியில்லை என்றால் சுகாதாரத் தாதியோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். பல வைத்தியசாலைகளில் நோயாளிகளுக்காகப் பேசும் பட்சியென்ரன்ஃபூர்ஷ்பிரெக்கர் என்பவரும் உண்டு. அதற்கும் மேலே கெசுண்ட்ஹைட்ஸ்அம்ற் இருக்கிறது.

யன்னல் விடயம் எங்களுக்குச் சற்றுச் சிரமம். யாழ்ப்பாணத்து வைத்தியசாலை விறாந்தையில் காற்றோட்டம்தான் மருந்துக்கு அடுத்தது. இங்கேயும் யன்னலைத் திறந்து காற்று விடச் சொல்லியே பழக்கியிருக்கிறார்கள். ஆனால் வெளியே இடிக்கும் வேலை நடக்கும்போது நோயெதிர்ப்புக் குறைந்தவரின் அறை யன்னல் மூடியே இருக்க வேண்டும். அறை வெக்கையாக இருந்தாலும் நீங்களாகத் திறக்க வேண்டாம். அறைக் கதவையும் மூடி வையுங்கள். நோயாளியைப் பரிசோதனைக்காக வெளியே கொண்டுபோகும்போது எஃப்எஃப்பி 2 முகக்கவசம் போடச் சொன்னால் கட்டாயம் போடட்டும். வேலை நடக்கும் விறாந்தையைத் தவிர்த்து வேறு வழியால் போகலாமா என்று கேளுங்கள்.

பூச்செண்டு, பூச்சட்டி, கோவில் மாலை ஆகியவற்றை அந்தப் பகுதிகளுக்குக் கொண்டுபோக வேண்டாம். மண்ணிலும் பூச்சாடித் தண்ணீரிலும் பங்கசும் கிருமியும் இருக்கும். சாப்பாடு கொண்டுபோவதற்கு முன்னர் தாதியிடம் கேளுங்கள். மிளகுதூள், மிளகாய்த்தூள், சரக்குத்தூள் ஆகியவற்றிலும் பங்கசு வித்திகள் இருக்கலாம். கறியோடு சேர்ந்து நன்றாகக் கொதித்தால் ஆபத்துக் குறையும். இறக்கிய பிறகு மேலே தூவுவதுதான் கூடாது. விபூதி கொண்டுபோக விரும்பினாலும் முதலில் கேட்டுவிட்டே கொண்டுபோங்கள்.

நோயாளி வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் தேவை. அவர் வருகிறார் என்று சுவர்க் கடதாசி கிழித்து, நிலம் மாற்றி, வர்ணம் அடிப்பது எங்கள் வழக்கம். அந்த வேலைகளை அவர் வருவதற்கு நன்கு முன்னதாக முடியுங்கள், அல்லது டொக்டர் சரி என்னும் வரை தள்ளிப்போடுங்கள். சுவரில் உள்ள பூஞ்சணத்தை அவர் முன்னால் சுரண்ட வேண்டாம். தோட்ட மண் கிளறும் வேலையும் பச்சைக் கழிவுத் தொட்டியைத் திறக்கும் வேலையும் வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். காய்ச்சல், புதிய இருமல், நெஞ்சு நோ, மூச்சு எடுக்கச் சிரமம் ஆகியவை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்கு அறிவியுங்கள். பக்கத்தில் கட்டட வேலை நடந்திருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதற்கு அது உதவும்.

வைத்தியசாலைகள் புதுப்பிக்கப்பட வேண்டும். பழைய காற்றுக் குழாயும் பழுதான ஹைட்சுங்கும் நோயாளிக்கு நன்மை தரப்போவதில்லை. வேலை நடக்கட்டும், தூசி மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமே நிற்கட்டும். இதைப் பற்றி உங்களுக்கு மேலும் கேள்விகள் இருந்தால் வானொலி நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம், வீட்டுச் சுவர்களில் குளிர்காலத்தில் பிடிக்கும் பூஞ்சணத்தையும் அதற்கு வீட்டுச் சொந்தக்காரரிடம் என்ன கேட்கலாம் என்பதையும் பார்ப்போம்.